நாற்பத்து மூன்றாம் நாள்

அண்ணனின் விறைத்த விரல்களுக்கு நடுவே ராமசாமி செருகி வைத்த சுருட்டை வடிவம்மாள் குனிந்து உருவி எடுத்தாள். எடுத்ததை ராமசாமியின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கலைந்திருந்த கோடித் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன அண்ணி இது?" என்றான் ராமசாமி.

"வேணாம் தம்பி."

"வேணாமா? முப்பது வருசம் குடிச்ச மனுசன். வெறுங்கையோட அனுப்பச் சொல்றீங்களா?"

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஈ மொய்க்காமல் முந்தானையை வீசத் தொடங்கினாள்.

காலை பத்து மணி இருக்கும். விடியற்காலையில் அய்யாக்கண்ணுவின் உயிர் போயிருந்தது. மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. பினாங்கில், டத்தோ கெராமாட் ரோட்டை ஒட்டிய முனிசிபல் கூலிகளின் லயத்தில், அவன் வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அவனோடு ட்ராம் பாதையில் வேலை செய்தவர்கள் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்கள். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி ராமசாமிதான். கடற்கரையில் தொங்கான் படகில் மூட்டை இறக்குகிற ஆள். செய்தி கேட்டு, இடுப்பில் கட்டிய சாக்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தான். அண்ணனைக் குளிப்பாட்டியதும் அவன்தான். குளிப்பாட்டி முடித்ததும் கடைக்குப் போய், அய்யாக்கண்ணு வழக்கமாகக் குடிக்கிற ரங்கூன் சுருட்டில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்திருந்தான்.

"சுருட்டை விட வச்சதே நீங்கதான்" என்றான் ராமசாமி. "பழகுன உடம்பு அண்ணி. ஒரே நாள்ல நிறுத்துனா தாங்குமா? அதான் போயிட்டாரு. செத்த பொறகாவது குடுக்கலாம்ல?"

காலையிலிருந்து லயத்துப் பெண்கள் வாய்க்குள் பேசிக்கொண்டிருந்தது அதுதான். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் பேசியதை வடிவம்மாள் காதால் கேட்டிருந்தாள். இப்போது பிணத்துக்கு முன்னால் சத்தமாகச் சொல்லியாகிவிட்டது. யாரும் மறுக்கவில்லை.

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. விடியற்காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் மனதில் முதலில் வந்ததும் அந்தக் கேள்விதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு இடது கால் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்தது. அய்யாக்கண்ணுவுக்கு வேலை தண்டவாளப் பள்ளத்தில் அடைகிற மண்ணை இரும்புக் கம்பியால் குத்தி வாருவது. கடற்கரையிலிருந்து ஆயர் ஈத்தாம் முனைவரை பாதை முழுக்க நடக்க வேண்டும். வாயோரத்தில் சுருட்டு இல்லாமல் அவன் குனிந்து நிமிர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. தூரத்தில் புகையைப் பார்த்தே ட்ராம் ஓட்டுகிறவர்கள் மணியடிப்பார்கள். கொஞ்ச நாளாகவே நூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது என்று உட்கார்ந்துவிடுவான். விரல் கறுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

வெள்ளைக்கார டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு அய்யாக்கண்ணுவின் வலது கையைத் தூக்கி, மஞ்சளேறிய விரல்களைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற, காயத்துக்குக் கட்டுப் போடுகிற யாழ்ப்பாணத்து டிரெசர் அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தப் புகையிலைதான் உன்ர காலுக்குப் போற ரத்தத்தை அடைக்குது. விட்டாய் எண்டால் கால் நிக்கும். விடாட்டி முழங்காலோட எடுக்க வேணும். ரெண்டில ஒண்டு."

வீட்டுக்கு வந்ததும் அய்யாக்கண்ணு மடியிலிருந்த சுருட்டுக் கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டான். "ஒத்தக் காலை வச்சுக்கிட்டு தண்டவாளத்துல என்னத்த வாருறது?" என்றான். அவ்வளவுதான்.

வடிவம்மாள் சுருட்டை விடச் சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவன் விட்ட பிறகு, இன்னொரு கட்டு வாங்கி வந்துவிடாமல் காவல் காத்தாள். அது உண்மை.

முதல் தடவை ஒன்பது நாள் தாங்கினான். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பியைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனவன், இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்து, வாசல்படியிலேயே நின்றான்.

"வடிவு, குடிச்சிட்டேன்."

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"தம்பி நீட்டுனான். வேணாம்னு சொல்லத்தான் கையைத் தூக்குனேன். கை வாங்கிருச்சு."

சொல்லிவிட்டு அழுதான். ஊரில் அவன் தாய் செத்த செய்தி ஆறு வாரம் கழித்துக் கடிதத்தில் வந்தபோதுகூட அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மறுபடியும் தொடங்கினான். இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கொடியதாக இருந்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. தலையைச் சுற்றி ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தே கிடந்தான். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வலது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின்மேல் எந்நேரமும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், கஞ்சியில் உப்புக் குறைந்தது என்று சட்டியைக் காலால் எத்திவிட்டான். அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"நீ செத்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது."

அவள் துடைத்து முடித்தாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அதற்குப் பிறகுதான் எழுந்து, லயத்துக்குப் பின்னால் இருந்த ஹமீதாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஹமீதாவும் அவள் புருசனும் மசாலை அரைத்து விற்கிறவர்கள். ஹமீதா அம்மியை நிறுத்தவில்லை. அரைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அது அவரு பேசல லா, அக்கா. நோன்பு மாசத்துல எங்க வூட்டு ஆளும் இப்படித்தான், சாயங்காலம் மக்ரிப் தொழுகை வரைக்கும் வாயைத் தொறந்தாலே சண்டை. வாயில எதையாச்சும் போட்டு வைங்க. சும்மா இருக்குற வாய்தான் கத்தும்."

உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த ஜாதிக்காய்த் துண்டுகளை ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பினாங்கு மலையில் காய்த்த ஜாதிக்காய். நாக்கைச் சுரீரென்று பிடித்து இழுக்கும். அய்யாக்கண்ணு முதல் துண்டைத் துப்பினான். இரண்டாவதை மென்றான். பிறகு பொட்டலத்தைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டான்.

கைக்கு வேலை வேண்டும் என்று தென்னை ஓலை கிழித்து ஈர்க்குச் சீவத் தொடங்கினான். ஒரு வாரத்தில் லயத்தில் எல்லார் வீட்டிலும் புது விளக்குமாறு இருந்தது. அதற்கு மேல் கொடுக்க ஆள் இல்லாமல், எதிர்வரிசைச் சீனனின் காப்பிக் கடைக்கு இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அப்படிச் சீவிக்கொண்டிருக்கும்போது சில சமயம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். என்ன என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"ட்ராம் மாதிரி வருது புள்ள. முதல்ல தூரத்துல தண்டவாளம் கிணுகிணுங்கும். அப்புறம் கிட்ட வந்து வீட்டையே ஆட்டும். நான் ஏறலேன்னா போயிடும். அவ்வளவுதான். கொஞ்ச நேரம்தான் நிக்குது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு செம்புத் தண்ணிய மெதுவாக் குடிக்கிற நேரம்."

அதற்குப் பிறகு அவன் கத்தியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். ஒரு நாளைக்கு இருபது செம்பு என்று இருந்தது பத்தானது. பிறகு நாலைந்தானது.

விரல் காய ஆரம்பித்தது. கறுப்பு மேலே ஏறாமல் நின்றது. டிரெசர் கட்டை அவிழ்த்துப் பார்த்துத் தலையாட்டினார். அய்யாக்கண்ணுவுக்குப் பசி வந்தது. ஒருநாள் சோற்றில் கையை வைத்தவன், தட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி மோந்து பார்த்தான்.

"இதுல கருவேப்பிலை போட்டிருக்கியா?"

"எப்பவும்தான் போடுறேன்."

"எனக்குத் தெரியலியே" என்றான். ஒரு வாய் தின்றுவிட்டு, "முப்பது வருசமா இந்த வீட்டுல என்ன வாசம்னே தெரியாம இருந்திருக்கேன்" என்றான்.

முப்பத்தைந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினான். வேலை வாங்குகிற மண்டோர் பாதி நாள் வேலை போதும் என்றார். மழைக் காலம். மூன்றாவது நாள் தலையோடு நனைந்து வந்தான். மறுநாள் குளிர்க்காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் நெஞ்சில் குத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்த டிரெசர், நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார். அவர் கிளம்பும்போது வடிவம்மாள் வாசல்வரை பின்னால் போய், "சுருட்டை விட்டதுனால வந்ததுங்களா?" என்று கேட்டாள். "இல்லை அம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். நல்ல மனிதர். அவள் ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

ராமசாமி தினமும் வந்தான். "ஒரு சுருட்டு குடுங்க அண்ணி, சூட்டுக்குச் சளி இளகும்" என்று தினமும் சொன்னான். நேற்று அவன் வேலைக்குப் போன பிறகு, மத்தியானம், அய்யாக்கண்ணு மூச்சுக்கு மூச்சு முனகத் தொடங்கினான். வடிவம்மாள் ஹமீதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுச் சாலையோரச் சுருட்டுக் கடைக்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் அவள் சுருட்டுக் கேட்டதில்லை. கடைக்காரருக்கு எந்தச் சுருட்டு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திரும்ப ஆரம்பிச்சிட்டாரா?"

அவள் காசை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஹமீதா போன பிறகு கதவைச் சாத்தினாள். பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சுருட்டை அவன் கையில் வைத்தாள். அய்யாக்கண்ணு கண்ணைத் திறந்து பார்த்தான். முதலில் சுருட்டை, பிறகு அவளை. மெதுவாக மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகம் இளகியதைப் பார்த்து அவள் அவசரமாகத் தீக்குச்சியைக் கிழித்தாள். பழக்கமில்லாத கை. இரண்டு குச்சி ஒடிந்தது. மூன்றாவது பற்றியது.

அவன் அதை ஊதி அணைத்தான். நெருப்பை அணைக்கக்கூடப் போதாத மூச்சு. இரண்டு தடவை ஊத வேண்டியிருந்தது.

"என்னங்க?"

"எத்தனாவது நாளுன்னு தெரியுமா?"

"தெரியல."

"நாப்பத்தி மூணு." மூச்சு வாங்கினான். "இப்பக் குடிச்சா நாளைக்கு ஒண்ணுல இருந்து எண்ணணும். அந்த மூணாம் நாளு இருக்கு பாரு... அதை இன்னொரு தடவை தாண்ட முடியாது, புள்ள."

அவள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மறுபடியும் உன்னைத் திட்டணும்" என்றான். சிரிக்கப் பார்த்தான். அது இருமலாக வந்தது.

சுருட்டை அவள் அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவன் தெளிவாகப் பேசவில்லை.

"வைக்கட்டும் விடும்மா" என்றார் மண்டோர் இப்போது. வயதானவர், சண்டை பிடிக்காதவர். "செத்தவனுக்கு இனிமே என்ன நோய் வரப்போகுது? தம்பி ஆசைப்படுறான்."

ராமசாமி சுருட்டோடு அப்படியே நின்றிருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

வடிவம்மாள் முந்தானை வீசுவதை நிறுத்தினாள்.

"அவரே வேணாம்னுட்டாரு தம்பி."

"எப்ப?"

"நேத்து. நான்தான் வாங்கியாந்து கையில குடுத்தேன். குச்சியும் கிழிச்சேன். அணைச்சிட்டாரு."

"நீங்க வாங்கினீங்களா?" ராமசாமி சுற்றிலும் பார்த்தான், யாராவது சாட்சி சொல்வார்களா என்பதுபோல. "எனக்குத் தெரியாதா எங்க அண்ணனை? கப்பல்ல வரும்போது சாப்பாட்டைக் குடுத்துப் புகையிலை வாங்கின மனுசன். கையில வச்சதை வேணாம்னு சொல்லியிருப்பாரா?"

"நேத்து அக்கா கடைக்குப் போனாங்க" என்றாள் பின்னாலிருந்து ஹமீதா. "நான்தான் கூட இருந்தேன். எதுக்குப் போனாங்கன்னு எனக்குத் தெரியாது."

ராமசாமி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்ணு குடுத்தீங்கள்ல" என்றாள் வடிவம்மாள். குற்றம் சொல்கிற குரலாக இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். "அதைக் குடிச்சிட்டு வந்து இந்த வாசல்ல நின்னு அழுதாரு."

"அழுதாரா?"

"ஆமா."

"எங்க அண்ணனா?"

அவள் தலையசைத்தாள்.

"நான் சந்தோசமாத்தான் குடுத்தேன் அண்ணி" என்றான் ராமசாமி. "பாவமா இருந்துச்சு. அவரு கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு."

"தெரியும். உங்க மேல ஒண்ணும் இல்ல." அவள் கோடித் துணியின் விளிம்பை மடித்துவிட்டாள். "விட்டதுனாலதான் போனாரான்னு எனக்குத் தெரியாது. இருக்கலாம். டிரெசரு இல்லேன்னு சொன்னாரு. அது எப்படி இருந்தாலும், அந்த நாப்பத்தி மூணு நாளும் அவரு பாடுபட்டு வாங்குனது. கடைசில அதை நாம கலைக்க வேணாம்."

ராமசாமி அண்ணனின் கையைப் பார்த்தான். கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. வலது கை நகங்களின் நுனியில் பழைய புகையிலைக் கறை பழுப்பாக ஒட்டியிருந்தது. அடியில் புதிதாக வளர்ந்த பாதி நகம் வெள்ளையாக இருந்தது. காலையில் குளிப்பாட்டியபோது அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. குனிந்து, ஒரு விரலைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

பிறகு சுருட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டிலிருந்து அரிசியை அள்ளி அண்ணனின் வாயில் போட்டான்.

பெண்கள் மறுபடியும் ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

மூன்று மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். லயத்து முனைவரை பெண்கள் போனார்கள். தப்பு மேளத்தின் சத்தம் பெரிய சாலையில் திரும்பி, ஒரு ட்ராம் மணியோடு கலந்து, பிறகு கேட்காமல் போயிற்று. வடிவம்மாளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். பாயைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, புடவை மாற்றி, மூலையில் உட்கார வைத்தார்கள். யாரோ விளக்கை ஏற்றினார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டு வேலைக்குக் கலைந்தார்கள். காலையில் குழாயடியில் பேசிய இருவரில் ஒருத்தி, போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆண்கள் திரும்பி வந்தார்கள். ராமசாமி குளித்து வேட்டி மாற்றி, ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்று, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டான். உள்ளே வரவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

மழை தூறத் தொடங்கியது. ஹமீதா சோறும், ஒரு குவளை தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். "இதையாச்சும் குடிங்க அக்கா" என்றாள்.

வெளியே ராமசாமி எழுந்து நின்றான். கை இடுப்புக்குப் போனது. வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மழைக்குள் இறங்கிச் சாலைப்பக்கம் நடக்கத் தொடங்கினான்.

"எங்க தம்பி போறீங்க?" என்றாள் வடிவம்மாள் உள்ளேயிருந்து.

அவன் நின்றான். "சும்மா... அந்த முக்குல போய் நின்னுட்டு வந்துடறேன் அண்ணி."

"மழையில நனையாதீங்க. இங்கயே உக்காந்து குடிங்க."

"வேணாம் அண்ணி."

"பரவாயில்ல, குடிங்க."

அவன் தயங்கித் திரும்பி வந்தான். பெஞ்சின் கோடியில், முதுகை வீட்டுப்பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. மழைக் காற்று அந்த வீட்டுக்குப் பழகிய புகையை மேலே ஏற விடாமல் அமுக்கி, வாசல்படி தாண்டி, கழுவிய தரைமீது மெதுவாக உள்ளே கொண்டு வந்தது.

ஹமீதா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்தாள். "கதவைச் சாத்தட்டா அக்கா?"

"இருக்கட்டும்" என்றாள் வடிவம்மாள்.

ஹமீதா அவளைப் பார்த்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். வடிவம்மாள் சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். வெளியே அந்தச் சுருட்டு முழுவதும் தீரும்வரை அவள் தேநீரைத் தொடவில்லை.